துணிகர மூலதனம்: செக்கோயாவின் ஆசியப் பயணமும் நம் வீட்டுக் கணக்கும்

பெங்களூரில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் சந்தித்துக்கொண்டால், முன்பெல்லாம் ஊரில் மழை உண்டா, தீபாவளிக்கு ரயிலில் இடம் கிடைத்ததா என்று பேச்சு போகும். இப்போது பிள்ளைகளின் வேலையைப் பற்றிப் பேச்சு திரும்பியதுமே 'ஸ்டார்ட்டப்', 'ஃபண்டிங்', 'ஈசாப்' என்ற சொற்கள் வந்து விழுகின்றன. பெற்றோர் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் பிள்ளை வேலை பார்க்கும் அந்தக் கம்பெனிக்குப் பணம் கொடுத்தவர் யார், எதை நம்பிக் கொடுத்தார், எப்போது, எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வார் என்ற விவரங்கள் பலருக்கு விளங்குவதில்லை. விளங்காத விஷயத்தை நம்பித்தான் வீட்டுக் கடன் வாங்குகிறோம். கல்யாணப் பேச்சும் நடத்துகிறோம்.

ஒரு வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், இதைப் பற்றி எழுதும்படி சங்க அன்பர்கள் சிலர் என்னைக் கேட்டார்கள். பொதுவாக விளக்கினால் மனத்தில் நிற்காது. எனவே செக்கோயா கேப்பிடல் என்ற ஒரே ஒரு நிறுவனத்தின் கதையை எடுத்துக்கொள்கிறேன். 1972-இல் கலிபோர்னியாவில் பிறந்து, 2005-இல் சீனாவுக்கும் 2006-இல் இந்தியாவுக்கும் வந்து, 2023-இல் மூன்றாகப் பிரிந்த நிறுவனம் அது. அதன் இந்தியக் கிளை வேரூன்றியது நம் பெங்களூரில்தான்.

கடன் வேறு, மூலதனம் வேறு

மல்லேஸ்வரத்தில் நன்றாக ஓடும் ஓர் ஓட்டல்காரர் இரண்டாவது கிளை திறக்க வங்கிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்று விஷயம் பார்ப்போம். மூன்று வருட வரவு செலவுக் கணக்கு எப்படி இருக்கிறது? அடமானமாக என்ன தருகிறார்? மாதத் தவணை கட்டும் அளவுக்கு லாபம் வருமா? மூன்றும் சரியாக இருந்தால் கடன் உண்டு. ஓட்டல் பத்து மடங்கு வளர்ந்தாலும் வங்கிக்குக் கிடைப்பது அதே வட்டிதான். ஓட்டல் மூடப்பட்டால் அடமானத்தை ஏலம் விட்டு வசூல் செய்வோம்.

துணிகர மூலதனம் இதற்கு நேர் எதிர். இருபத்தாறு வயதுப் பையன் ஒரு யோசனையோடு வருகிறான். கணக்கு இல்லை, அடமானம் இல்லை, லாபம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. வங்கி வாசலில் அவனை உட்காரக்கூடச் சொல்ல மாட்டோம். துணிகர முதலீட்டாளர் அவனுக்குப் பணம் கொடுத்து, அதற்கு ஈடாகக் கம்பெனியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். வட்டி கிடையாது, தவணை கிடையாது. கம்பெனி மூழ்கினால் பணமும் மூழ்கும். யார் வீட்டையும் ஜப்தி செய்ய முடியாது. கம்பெனி நூறு மடங்கு வளர்ந்தால் அவருடைய பங்கும் நூறு மடங்கு.

இது தர்மமும் அல்ல, சூதாட்டமும் அல்ல. இதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன், அந்தப் பணம் யாருடையது என்று பார்த்துவிடலாம்.

பணம் யாருடையது?

துணிகர முதலீட்டு நிறுவனம் கொடுப்பது பெரும்பாலும் அதன் சொந்தப் பணம் அல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அறக்கட்டளைகள், ஓய்வூதிய நிதிகள், தொண்டு நிறுவனங்கள், பெரும் செல்வக் குடும்பங்கள் ஆகியவை தங்கள் சொத்தில் ஒரு சிறு பகுதியை இந்த நிறுவனத்திடம் ஒப்படைக்கின்றன. 1979-இல் அமெரிக்க அரசு, ஓய்வூதிய நிதிகள் இத்தகைய முதலீட்டில் ஈடுபடலாம் என்று விதிக்குத் தெளிவு கொடுத்த பிறகுதான் இந்தத் தொழில் பெரிதாக வளர்ந்தது. ஆக, இங்கே கோரமங்கலாவில் ஒரு கம்பெனிக்கு வரும் பணம், எங்கோ ஒரு கல்லூரியின் உதவித்தொகைக்கோ, ஓய்வு பெற்ற ஆசிரியரின் பென்ஷனுக்கோ திரும்பிப் போய்ச் சேர வேண்டிய பணமாக இருக்கலாம்.

ஒப்பந்தம் வழக்கமாக இப்படி இருக்கும். நிதியின் ஆயுள் சுமார் பத்து ஆண்டுகள். முதல் நான்கைந்து ஆண்டுகளில் முதலீடு செய்ய வேண்டும். மீதியுள்ள காலத்தில் விற்றுப் பணமாக்கித் திருப்பித் தர வேண்டும். நிர்வாகச் செலவுக்கு ஆண்டுக்குச் சுமார் இரண்டு சதவீதம். லாபம் வந்தால் அதில் சுமார் இருபது சதவீதம் நிறுவனத்துக்கு, மற்றது பணம் போட்டவர்களுக்கு. இதிலிருந்து சற்று மாறுபட்ட ஒப்பந்தங்களும் உண்டு. செக்கோயாவே 2021-இல் தன் அமெரிக்கப் பிரிவில் பத்தாண்டுக் கட்டைத் தளர்த்திவிட்டது. ஆனால் பொது வழக்கம் இதுதான். முதலீட்டாளருக்கும் தலைக்கு மேல் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை வாசகர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இருபதில் ஒன்று

இப்போது கணக்கு. எளிமைக்காக நானே ஒன்று போட்டுக் காட்டுகிறேன். ஒரு நிதியில் 100 கோடி ரூபாய் இருக்கிறது. 20 கம்பெனிகளில் தலா 5 கோடி போடுகிறார்கள். பத்து கம்பெனிகள் மூடப்படுகின்றன, வரவு பூஜ்யம். ஆறு கம்பெனிகள் போட்ட பணத்தை மட்டும் தருகின்றன, 30 கோடி. மூன்று கம்பெனிகள் மூன்று மடங்கு தருகின்றன, 45 கோடி. ஒரே ஒரு கம்பெனி ஐம்பது மடங்கு தருகிறது, 250 கோடி. ஆக மொத்தம் 325 கோடி. மிக நல்ல நிதி என்று பெயர் வாங்கிவிடும்.

அந்த ஒரு கம்பெனியை நீக்கிப் பாருங்கள். மீதி பத்தொன்பதிலிருந்து வந்தது 75 கோடிதான், முதலுக்கே மோசம். இந்தத் தொழிலின் ரகசியம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. தோல்விகள் எத்தனை என்பது பெரிதல்ல; வென்றது எத்தனை மடங்கு என்பதுதான் பெரிது.

இதிலிருந்து ஒரு விளைவு பிறக்கிறது. எந்தக் கம்பெனி ஐம்பது மடங்காகும் என்று முன்கூட்டித் தெரியாததால், இருபதையுமே ஐம்பது மடங்குக்கு ஓடும்படி விரட்ட வேண்டியிருக்கிறது. ஆண்டுக்குப் பதினைந்து சதவீதம் ஒழுங்காக வளரும் மல்லேஸ்வரம் ஓட்டல் வங்கிக்குத் தங்கமான வாடிக்கையாளர். துணிகர நிதிக்கு அதனால் பயனில்லை. நஷ்டத்துக்குப் பொருள் விற்பதும், ஒரே வருடத்தில் ஆயிரம் பேரை வேலைக்கு எடுப்பதும், அடுத்த சுற்றுப் பணம் வராவிட்டால் அதே ஆயிரம் பேரை ஒரே நாளில் அனுப்புவதும் நமக்கு விசித்திரமாகத் தோன்றுகின்றன. அவற்றின் வேர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

செம்மரத்தின் பெயரில்

டான் வாலண்டைன் என்பவர் கலிபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஃபேர்சைல்டு, நேஷனல் செமிகண்டக்டர் ஆகிய சில்லு கம்பெனிகளில் விற்பனைத் துறையில் இருந்தவர். 1972-இல் அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழும் கலிபோர்னியாவின் மாபெரும் மரமான செக்கோயாவின் பெயரை வைத்தார்.

1978-இல் ஆப்பிள் கம்பெனியில் செக்கோயா போட்டது ஒன்றரை லட்சம் டாலர். 1980 டிசம்பரில் ஆப்பிள் பங்குச் சந்தைக்கு வருவதற்கு முன்பே அந்தப் பங்கை லாபத்துக்கு விற்றுவிட்டது. வைத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று இன்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. 1987-இல் சிஸ்கோவில் 25 லட்சம் டாலர். 1999-இல் கூகிளில் செக்கோயாவும் கிளைனர் பெர்க்கின்ஸ் என்ற இன்னொரு நிறுவனமும் தலா 1.25 கோடி டாலர். 2011 முதல் வாட்ஸ்அப்பில் மொத்தம் சுமார் 6 கோடி டாலர். 2014-இல் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது, செக்கோயாவின் பங்கு சுமார் 300 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. நான் மேலே போட்ட ஐம்பது மடங்குக் கணக்கு கற்பனை அல்ல என்பதற்கு இது ஒன்றே போதும்.

சீனாவில் ஒரு கிளை, இந்தியாவில் ஒரு கிளை

இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகு நிலைமை மாறியது. இணையத்தில் புதிதாக நுழையும் கோடிக்கணக்கான மக்கள் இனி அமெரிக்காவில் அல்ல, ஆசியாவில்தான் இருப்பார்கள் என்பது தெளிவாயிற்று. ஆனால் கலிபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு ஷாங்காய்க் கடைத்தெருவைப் புரிந்துகொள்ள முடியாது. எனவே செக்கோயா ஒரு புது வழி பிடித்தது. பெயரும் அனுபவமும் பொது, நிதி தனி, முதலீட்டு முடிவு உள்ளூர்க்காரர்கள் கையில்.

2005-இல் சீனக் கிளையைத் தொடங்க நீல் ஷென் என்பவரைச் சேர்த்துக்கொண்டார்கள். பயண ஏற்பாட்டுக் கம்பெனியான சிட்ரிப்பை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். மெய்த்துவான், டிக்டாக்கின் தாய்க் கம்பெனியான பைட்டான்ஸ், பின்துவோதுவோ, ஆளில்லா விமானம் செய்யும் டிஜேஐ என்று சீனாவின் பெரிய பெயர்கள் பலவற்றில் அந்தக் கிளை பங்கு வாங்கிற்று. ஃபோர்ப்ஸ் பத்திரிகையின் துணிகர முதலீட்டாளர் பட்டியலில் ஷென் பல ஆண்டுகள் முதலிடம் பெற்றார்.

இந்தியாவில் இத்தொழில் அதற்கு முன்பே இருந்தது. 1988-இல் மத்திய அரசு துணிகர மூலதனத்துக்கு முதல் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. அதே ஆண்டு ஐசிஐசிஐயும் யூனிட் டிரஸ்டும் சேர்ந்து பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு டிடிஐசிஐ என்ற நிறுவனத்தைத் தொடங்கின. 1996-இல் செபி தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. 2000-இல் சுமிர் சட்டா, கே.பி. பாலராஜ் முதலியோர் வெஸ்ட்பிரிட்ஜ் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். 2006-இல் செக்கோயா இங்கு புதிதாகக் கடை திறக்கவில்லை; வெஸ்ட்பிரிட்ஜைத் தன்னோடு இணைத்துக்கொண்டு 'செக்கோயா கேப்பிடல் இந்தியா' என்று பெயர் மாற்றியது. 2011-இல் அந்த நிறுவனர்கள் பிரிந்து போய் வெஸ்ட்பிரிட்ஜ் பெயரை மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். ஷைலேந்திர சிங் முதலான அடுத்த தலைமுறையினர் செக்கோயா இந்தியாவை நடத்தினார்கள்.

முதல் சில ஆண்டுகளில் இந்தியாவில் தொழில்நுட்பக் கம்பெனிகள் மட்டும் போதுமான அளவுக்கு இல்லை. அதனால் சிறுகடன் வழங்கும் எஸ்கேஎஸ், திருச்சியில் தொடங்கிய வாசன் கண் மருத்துவமனை போன்றவற்றுக்கும் பணம் போயிற்று. வாசன் பிற்பாடு கடனில் சிக்கி 2017-இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளாகி, 2023-இல் வேறு மருத்துவமனைக் குழுமத்தின் கைக்கு மாறியது. 2016-இல் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்ததும், அதே ஆண்டு யுபிஐ வந்து கைப்பேசியில் பணம் கைமாறத் தொடங்கியதும் நிலைமையைப் புரட்டிப் போட்டன. சொமாட்டோ, பைஜூஸ், குரோ, ரேசர்பே போன்ற பெயர்கள் வீட்டுப் பெயர்களாயின. சிங்கப்பூர் அலுவலகத்தின் வழியாக இந்தோனேசியாவின் கோஜெக், டோக்கோபீடியா ஆகியவற்றிலும் முதலீடு செய்தார்கள். 2019-இல், தொடக்க நிலையிலேயே கம்பெனிகளைப் பிடிக்க 'சர்ஜ்' என்ற திட்டம் வந்தது. 2022 ஜூனில் இந்தியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் சேர்த்து 285 கோடி டாலர் திரட்டியதாக அறிவித்தார்கள்.

வென்றதும் வீழ்ந்ததும்

நம்மவர்கள் பெருமையாகச் சொல்லும் உதாரணம் ஃப்ரெஷ்வொர்க்ஸ். 2010-இல் சென்னையில் கிரிஷ் மாத்ருபூதம் நண்பரோடு தொடங்கியது. ஆக்செல், டைகர் குளோபல் முதலியோர் முதலில் பணம் போட, செக்கோயா பின்னர் வந்து சேர்ந்தது. 2021 செப்டம்பரில் நியூயார்க்கில் நாஸ்டாக் சந்தையில் பங்கு ஒன்று 36 டாலருக்கு வெளியிடப்பட்டபோது, ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்ற செய்தி நம் வீடுகளில் எல்லாம் பேசப்பட்டது. உண்மையான சாதனை. ஆனால் அடுத்த ஆண்டே அந்தப் பங்கு 20 டாலருக்குக் கீழே இறங்கியது என்பதைப் பேசினவர்கள் குறைவு. உயரத்தில் விற்றவருக்கும் விற்காமல் வைத்திருந்தவருக்கும் கிடைத்தது ஒன்றல்ல.

மறுபுறம் பைஜூஸ். 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்பு என்று சொல்லப்பட்ட பெங்களூர்க் கம்பெனி. 2023 ஜூனில், செக்கோயாவின் இந்தியக் கிளை உட்பட மூன்று முதலீட்டாளர்களின் பிரதிநிதிகள் அதன் இயக்குநர் குழுவிலிருந்து விலகினார்கள். 2024 ஜூலையில் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் திவால் நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலை இழந்தார்கள். பலருக்குச் சம்பளம் மாதக்கணக்கில் தாமதமாயிற்று. சிங்கப்பூரில் ஜிலிங்கோ என்ற ஆடை வணிகக் கம்பெனி 2023 ஜனவரியில் கலைப்புக்குப் போனது. கோஜெக்கும் டோக்கோபீடியாவும் 2021-இல் இணைந்து 'கோட்டூ' ஆகி, 2022 ஏப்ரலில் ஜகார்த்தா சந்தையில் 338 ரூபியாவுக்குப் பங்கு வெளியிட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் விலை நூறு ரூபியாவுக்குக் கீழே போய்விட்டது.

செக்கோயாவின் கணக்கில் இவை இருபதில் சில. நிறுவனம் நின்றது, அடுத்த நிதியைத் திரட்டியது. ஆனால் ஜிலிங்கோவில் வேலை பார்த்த ஒருவருக்கு அது இருபதில் ஒன்றல்ல. இருந்த ஒரே வேலை.

மரம் மூன்றாகப் பிரிந்த கதை

2023 ஜூன் 6 அன்று செக்கோயா தன்னை மூன்று தனி நிறுவனங்களாகப் பிரிப்பதாக அறிவித்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் பழைய பெயரிலேயே. சீனக் கிளை 'ஹாங்ஷான்' ஆயிற்று. சீன மொழியில் செம்மரம் என்று பொருள். இந்தியாவும் தென்கிழக்காசியாவும் 'பீக் ஃபிஃப்டீன் பார்ட்னர்ஸ்'.

உலகம் முழுவதும் பரவிய கிளைகளை ஒரே பெயரில் நடத்துவது சிக்கலாகிவிட்டது என்பதும், ஒரு கிளை பணம் போட்ட கம்பெனியும் மற்றொரு கிளை பணம் போட்ட கம்பெனியும் சந்தையில் மோதிக்கொள்கின்றன என்பதும் அவர்கள் சொன்ன காரணங்கள். சொல்லாத காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அமெரிக்காவும் சீனாவும் சில்லு, செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றில் போட்டியாளர்களாகிவிட்டன. அமெரிக்க ஓய்வூதியப் பணம் சீனத் தொழில்நுட்பத்துக்குப் போகலாமா என்ற கேள்வி வாஷிங்டனில் பலமாக எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதிபர் பைடன், சீனாவில் இத்துறைகளில் அமெரிக்க முதலீட்டைக் கட்டுப்படுத்தும் ஆணையில் கையெழுத்திட்டார். எல்லை தாண்டிப் போகும் பணத்துக்கு அரசியல் வானிலையும் ஒரு செலவு என்பதை இது காட்டுகிறது.

பீக் ஃபிஃப்டீன் என்ற பெயர் நமக்குச் சுவையானது. எவரெஸ்ட் சிகரத்துக்கு அந்தப் பெயர் சூட்டப்படும் முன், நில அளவைத் துறையினர் அதைப் 'பதினைந்தாம் சிகரம்' என்றுதான் குறித்து வைத்திருந்தார்கள். 1852-இல் வங்கத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தர் அதுவே உலகின் மிக உயரமான சிகரம் என்று கணக்கிட்டார். அந்த மாபெரும் நில அளவை 1802-இல் லாம்ப்டன் என்ற அதிகாரி முதல் கோட்டை அளந்து தொடங்கிய இடம், சென்னையில் நம் பரங்கிமலை அருகேதான்.

பிரிந்த பின் பீக் ஃபிஃப்டீன் சற்று நிதானமாக நடக்கத் தொடங்கியது. 2024 அக்டோபரில், 2022-இல் திரட்டிய 285 கோடி டாலரில் 46.5 கோடியைக் குறைத்துக்கொள்வதாக முதலீட்டாளர்களுக்குத் தெரிவித்தது. பணம் இருக்கிறது என்பதற்காகவே போட்டுவிட முடியாது என்று அவர்களே உணர்ந்தார்கள் எனலாம்.

நம் வீட்டுக்கு என்ன?

எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் நண்பர் ஒருவரின் மகள் ஒருநாள் வந்தாள். "மாமா, புதுக் கம்பெனியில் சம்பளத்தில் நாலு லட்சம் குறைத்து, அதற்குப் பதிலாக ஈசாப் தருகிறேன் என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?" என்றாள்.

"சரி அம்மா. அந்தப் பங்கை நாளைக்கு நீ யாரிடம் விற்பாய்?" என்று கேட்டேன்.

"அது கேட்கவில்லையே மாமா" என்றாள்.

அவளோடு உட்கார்ந்து பார்த்த விவரங்களையே இங்கே தருகிறேன். ஈசாப் என்பது பிற்காலத்தில் ஒரு குறிப்பிட்ட விலைக்குக் கம்பெனியின் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை, பங்கே அல்ல. வழக்கமாக நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாக உரிமை வந்து சேரும். முதல் ஆண்டு முடிவதற்குள் விலகினால் ஒன்றும் கிடையாது. உரிமையைப் பயன்படுத்திப் பங்கு வாங்கும்போது, அன்றைய மதிப்புக்கும் நாம் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கருதப்பட்டு வருமான வரி உண்டு. பங்கை விற்றுக் காசு கைக்கு வருவதற்கு முன்பே வரி கட்ட நேரிடலாம். குறிப்பிட்ட அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்டப்புகளுக்கு மட்டும் அந்த வரியைத் தள்ளிப்போடும் சலுகை 2020 பட்ஜெட்டில் வந்தது. கம்பெனி அந்த வகையில் சேர்ந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். முதலீட்டாளர்கள் வாங்கும் பங்குக்குப் பெரும்பாலும் முன்னுரிமை உண்டு. கம்பெனி விற்கப்பட்டால் அவர்கள் போட்ட பணம் முதலில் போய்ச் சேரும். உதாரணமாக, முதலீட்டாளர்கள் 100 கோடி போட்டு 40 சதவீதப் பங்கு வாங்கினார்கள் என்றால், கம்பெனியின் மதிப்பு 250 கோடி என்று பத்திரிகையில் வரும். ஓர் ஊழியரிடம் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தால், தன்னிடம் 25 லட்சம் இருப்பதாக நினைப்பார். இரண்டு வருடம் கழித்துக் கம்பெனி 120 கோடிக்கு விலை போகிறது. முதலீட்டாளர்கள் 100 கோடியை எடுத்துக்கொள்கிறார்கள். மீதி 20 கோடிதான் மற்ற 60 சதவீதத்தாருக்கு. அந்த ஊழியருக்கு வருவது சுமார் மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரம்; தான் கொடுக்க வேண்டிய விலையும் வரியும் அதிலேயே கழியும். யாரும் ஏமாற்றவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது அதுதான்.

எனவே இத்தகைய கம்பெனியில் சேரும் பிள்ளைகள் ஐந்து கேள்விகள் கேட்கலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கையில் இருக்கும் பணம் இன்னும் எத்தனை மாதச் செலவுக்கு வரும்? மொத்தப் பங்குகளில் எனக்குத் தருவது எத்தனை சதவீதம்? எண்ணிக்கையை மட்டும் சொன்னால் பயனில்லை. முதலீட்டாளரின் முன்னுரிமை எவ்வளவு? வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும்? ஊழியர்களின் பங்கைக் கம்பெனி இதற்கு முன் எப்போதாவது திரும்ப வாங்கியிருக்கிறதா? அந்தப் பெண் இவற்றைக் கேட்டாள். முதல் கேள்விக்கே நேரான பதில் வரவில்லை. சம்பளத்தைக் குறைக்காமல் தந்த வேறொரு கம்பெனியில் சேர்ந்தாள்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல. சேமிப்பை வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. பத்தாண்டுக் கடிகாரம் முடியும்போது முதலீட்டாளர் பங்கை யாரிடமாவது விற்றாக வேண்டும். பல சமயம் அந்த 'யாராவது' நாம்தான். பங்கு வெளியீடு என்ற பெயரில் நம்மிடம் வருகிறது. 2025 நவம்பரில் பெங்களூரின் குரோ கம்பெனி சுமார் 6,630 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அதில் கம்பெனியின் வளர்ச்சிக்குப் போனது சுமார் 1,060 கோடி. மீதி, தங்கள் பங்கை விற்ற பழைய பங்குதாரர்களுக்கு. 2019-இல் நுழைந்த பீக் ஃபிஃப்டீனும் அவர்களில் ஒன்று. இதில் தவறு எதுவும் இல்லை. அவர்கள் தொழிலே அது. ஆனால் உள்விவரம் அறிந்தவர் ஒரு விலைக்கு விற்கிறார் என்றால், வாங்குபவர் அந்த விலையைத் தானும் ஒருமுறை யோசிக்க வேண்டும். 2021 நவம்பரில் பேடிஎம் 2,150 ரூபாய்க்கு வெளியிட்ட பங்கு, சந்தைக்கு வந்த முதல் நாளிலேயே சுமார் 27 சதவீதம் விழுந்ததை நினைவில் கொள்வது நல்லது. வெளியீட்டு அறிக்கையில் 'புதிய பங்கு' எவ்வளவு, 'விற்பனைக்கு வரும் பழைய பங்கு' எவ்வளவு என்று தனித்தனியே கொடுத்திருப்பார்கள். அந்த இரண்டு எண்ணையும் பார்க்காமல் விண்ணப்பம் போட வேண்டாம்.

இத்தனையும் சொன்னது பிள்ளைகளைப் பயமுறுத்த அல்ல. அடமானம் இல்லாதவனை நம்பிப் பணம் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று இருப்பதால்தான், சாதாரணக் குடும்பத்துப் பையன் ஒருவன் சென்னையில் தொடங்கிய கம்பெனி நியூயார்க் வரை போக முடிந்தது. என் வங்கி அந்தக் கடனைக் கொடுத்திருக்காது. ஆனால் நானூறு கம்பெனிகளில் பணம் போட்டவருக்குப் பொருந்தும் துணிச்சல், ஒரே வேலையும் ஒரே சேமிப்பும் உள்ள வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. கடன் பிரிவில் கற்ற ஒரு பழைய விதியைச் சொல்லி முடிக்கிறேன். வீட்டுக் கடன் தவணையைக் கைக்கு வரும் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுங்கள். அதோடு ஆறு மாதத் தவணைக்குச் சமமான தொகையை வங்கியில் வைப்பாகப் போட்டுவையுங்கள். ஈசாப் பணம் வந்தால், வந்த அன்று அசலில் கட்டிக்கொள்ளலாம்.